ஸ்வெத்லானா: நூறு வருஷம் காத்திருந்த ஒரு பெயர்

ஸ்லாவியப் பெண் பெயர்கள் என்றதும் நம்மவர்களுக்கு சட்டென்று நினைவுக்கு வருவது நாலு பெயர்தான். நடாஷா, தான்யா, ஓல்கா, வாலன்டினா. ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகள் வழியாகவும், 1963-ல் விண்வெளிக்குப் போன வாலன்டினா தெரெஷ்கோவா வழியாகவும் இங்கே வந்து சேர்ந்த பெயர்கள். இவற்றுக்கு அர்த்தம் தேடிப் போனால் ஒரு வேடிக்கை. நாலில் ஒன்றுகூட ஸ்லாவியச் சொல் கிடையாது!

நடாஷா என்பது நதாலியாவின் செல்லப் பெயர். லத்தீனில் பிறந்தநாளை, குறிப்பாகக் கிறிஸ்து பிறந்த நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தான்யா என்கிற தத்தியானா ரோமானியப் பெயர். வாலன்டினாவும் லத்தீன், 'வலிமையுள்ளவள்' என்று பொருள். ஓல்கா வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த 'ஹெல்கா', புனிதமானவள். அப்போ ரஷ்யர்களின் சொந்தப் பெயர்கள் எங்கே போச்சு?

பழைய ஸ்லாவியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. 'ஸ்லாவா' என்றால் புகழ். 'மிலா' என்றால் பிரியமானவள். 'மிர்' என்றால் அமைதி. ஆக மிரோஸ்லாவா, யாரோஸ்லாவா, லுத்மிலா (மக்களுக்குப் பிரியமானவள்) என்று போகும். கூப்பிடும்போதே அர்த்தம் காதில் விழும்.

988-ல் கீவ் இளவரசர் விளாதிமிர் கிறிஸ்தவத்தை ஏற்றார். ஞானஸ்நானத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் வசீலி. அவருடைய பாட்டி ஓல்கா அதற்கு முன்பே மதம் மாறி எலேனா ஆகியிருந்தார். கொஞ்ச காலம் ஆளுக்கு இரண்டு பெயர், வீட்டுக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று. 12-ஆம் நூற்றாண்டில் போலத்ஸ்க் நகரத்து இளவரசி பிரெத்ஸ்லாவா துறவியானதும் யெஃப்ரொசீனியா என்ற கிரேக்கப் பெயருக்கு மாறினார். இன்று புனிதராக வணங்கப்படுவது அந்தக் கிரேக்கப் பெயரில்தான்.

அதன்பின் போகப் போக வீட்டுப் பெயர் மறைந்தது. காரணம் எளிமையானது. ஞானஸ்நானப் பெயர் புனிதர்களின் நாள்காட்டியில் இருந்தாக வேண்டும். அதில் இருந்தவர்களோ பெரும்பாலும் கிரேக்க, ரோமானிய, யூதப் புனிதர்கள். ரஷ்ய கிராமத்துத் தாய் தன் மகளை 'பிரஸ்கோவ்யா' என்று கூப்பிட்டாள். கிரேக்கத்தில் அதன் மூலச்சொல்லுக்கு வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். 'அகாஃப்யா' என்றால் நல்லவள். அந்தத் தாய்க்கு இரண்டுமே வெறும் ஓசைதான்.

ஸ்லாவியப் பெயர் இந்த நாள்காட்டிக்குள் நுழைய இரண்டு வழி இருந்தது. ஒன்று, உயிரைக் கொடுப்பது. செக் நாட்டு இளவரசி லுத்மிலா 921-ல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார், தியாகியாகப் போற்றப்பட்டார், அவரோடு அந்தப் பெயரும் பிழைத்தது. இன்னொன்று, மொழிபெயர்ப்பு. சோஃபியா என்ற தாய்க்கு மூன்று பெண்கள். மூவரும் தியாகிகள் என்பது மரபு. அவர்களின் கிரேக்கப் பெயர்களை ஸ்லாவியத்தில் அப்படியே பெயர்த்தார்கள்: வேரா (விசுவாசம்), நதேழ்தா (நம்பிக்கை), லுபோவ் (அன்பு). தாயின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். 'ஞானம்' கிரேக்கத்திலேயே நின்றுவிட்டது.

இனி ஸ்வெத்லானா. இந்தப் பெயர் எந்தப் புனிதருடையதும் இல்லை. கவிஞர்கள் உண்டாக்கியது. 1802-ல் அலெக்ஸாந்தர் வொஸ்தோகொவ் ஒரு கதைப்பாடலில் இதைப் பயன்படுத்தினார். 1813-ல் வெளியான ழுக்கோவ்ஸ்கியின் 'ஸ்வெத்லானா' அதை ரஷ்யா முழுக்கக் கொண்டுபோனது. வரப்போகும் கணவன் யார் என்று இரவில் கண்ணாடி பார்த்துக் குறி கேட்கும் பெண், ஒரு பயங்கரக் கனவு, விழித்தால் காதலன் வாசலில். 'ஸ்வெத்' என்றால் ஒளி. சமஸ்கிருத 'ஸ்வேத'வும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. நம்ம ஊர் ஸ்வேதாக்களுக்கு ஸ்வெத்லானாக்கள் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம்.

எல்லோருக்கும் பிடித்த பெயர்தான். ஆனால் பெண் குழந்தைக்கு வைக்க முடியாது. பிறப்பைப் பதிவேட்டில் எழுதியவர் பாதிரியார். நாள்காட்டியில் இல்லாத பெயருக்கு ஞானஸ்நானம் இல்லை. கப்பலுக்கு அந்தத் தடை கிடையாதே! 1858-ல் ரஷ்யக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கு ஸ்வெத்லானா என்று பெயர் வைத்தார்கள். அதே பெயருள்ள இன்னொரு கப்பல் 1905-ல் ஜப்பானுடன் நடந்த த்சுஷிமா போரில் மூழ்கியது. ஒரு ஸ்வெத்லானா கடலில் ஓடி, இன்னொரு ஸ்வெத்லானா மூழ்கியும் போனாள். தொட்டிலுக்கு மட்டும் அந்தப் பெயர் வரவில்லை.

1917 டிசம்பரில் புரட்சி அரசு பிறப்புப் பதிவைத் தேவாலயத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. இனி எந்தப் பெயரும் வைக்கலாம். 'லெனின்' என்பதைத் திருப்பிப் போட்டு 'நினெல்' என்று வைத்தார்கள். அக்டோபர் புரட்சியை நினைத்து 'ஒக்தியாப்ரினா' வைத்தார்கள். இவை பெரிதாக வேர் பிடிக்கவில்லை. ஸ்வெத்லானா பிடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோவியத் நாட்டில் மிகப் பரவலான பெண் பெயர்களில் அதுவும் ஒன்று.

அந்த ஸ்வெத்லானாக்களில் உலகம் அறிந்தவர் 1926-ல் பிறந்த ஸ்டாலினின் மகள். அவருடைய தாய்வழியைப் பாருங்கள். பாட்டி ஓல்கா, தாய் நதேழ்தா, மகள் ஸ்வெத்லானா. வெளியிலிருந்து வந்த பெயர், மொழிபெயர்த்த பெயர், கவிஞர் கொடுத்த பெயர். மேலே சொன்ன ஆயிரம் வருஷக் கதை ஒரே வீட்டில் மூன்று தலைமுறையில் அடங்கிவிடுகிறது.

பெயர்கள் சொன்னது மட்டும் நடக்கவில்லை. 'நம்பிக்கை' என்று பெயர் கொண்ட தாய் 1932-ல் தற்கொலை செய்துகொண்டார். மகளுக்கு அப்போது ஆறு வயது. ஸ்டாலின் இறந்த பிறகு மகள் தந்தையின் பெயரை விட்டு அல்லிலூயெவா என்ற தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். 1962-ல் மாஸ்கோவில் ஞானஸ்நானமும் பெற்றார். ஸ்வெத்லானாக்கள் பெருகிவிட்டதால் தேவாலயம் இதற்குள் ஒரு சமாதானம் கண்டிருந்தது: அதே ஒளியைக் குறிக்கும் கிரேக்கப் பெயரான ஃபொதீனியாவில் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. பழைய இரட்டைப் பெயர் வழக்கம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்தியக் கம்யூனிஸ்ட் பிரஜேஷ் சிங்கை அவர் விரும்பினார். சட்டப்படி மணக்க சோவியத் அரசு விடவில்லை. சிங் மாஸ்கோவில் இறந்ததும், 1966 டிசம்பரில் அஸ்தியோடு இந்தியா வந்தார். 1967 மார்ச்சில் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்துபோய்த் தஞ்சம் கேட்டார். அமெரிக்காவில் மறுமணம் செய்து 'லானா பீட்டர்ஸ்' ஆனார். 2011-ல் இறந்தபோதும் அதே பெயர்தான்.

ரஷ்யக் காதுக்கு 'லானா'வில் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. கவிஞர்கள் சேர்த்த வால் அது. அர்த்தம் இருந்த பாதி, அந்த 'ஸ்வெத்', ரஷ்யாவிலேயே தங்கிவிட்டது.