கிட்டப்பாவின் குரலும் இசைத்தட்டுச் சேகரிப்பும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்து ஊர் செங்கோட்டை. அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1906-இல், நாடகக் கலைஞர் எஸ். ஜி. கிட்டப்பா அங்கே பிறந்தார். ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடியவர் அவர். 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்தார். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இலேயே வந்திருந்தும், அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மனைவி கே. பி. சுந்தராம்பாளின் பாட்டை ‘ஔவையார்’ போன்ற படங்களில் இன்றும் பார்த்துக் கேட்கலாம். கிட்டப்பாவின் பாட்டுக்கு மிஞ்சிய சாட்சி கிராமபோன் இசைத்தட்டுகள்தாம்.

அவை எளிதில் அழியக்கூடியவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டு அரக்குக் கலவையால் ஆனது, கைதவறினால் உடையும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பாடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி போட வேண்டும். சிக்கனம் பார்த்துப் பழைய ஊசியையே வைத்த வீடுகளில் தட்டு தேய்ந்து, பாட்டை இரைச்சல் விழுங்கியது. குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் அட்டை உறை ஈரம் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தாலோ அரக்கே கரைந்துவிடும்! லாங்பிளே தட்டும் பிறகு கேசட்டும் வந்ததும் பழைய தட்டுகளைப் பலர் கழித்துக்கட்டினர். அவற்றைத் தேடி வாங்கி வைத்தவர்கள் பொழுதுபோக்காகச் சேர்த்தவர்களே. சென்னையில் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்த வி. ஏ. கே. ரங்காராவ் அவர்களில் நன்கு அறியப்பட்டவர். 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கப்பட்டது.

வாழ்நாள் முழுவதும் ஒலிக்கருவிகளுக்குச் செலவழிப்பது தகுமா என்று வீட்டார் கேட்பது வழக்கம். எதற்குச் செலவு என்பதைப் பொறுத்தது அது. 1925 வாக்கில் வந்த மின் ஒலிப்பதிவு சுமார் 5000 ஹெர்ட்ஸ்வரைதான் பதிந்தது. தட்டில் இல்லாத ஒலியை எத்தனை லட்ச ரூபாய் ஆம்பிளிபயரும் கொண்டுவந்துவிடாது. ஆண்டுக்கொரு ஸ்பீக்கர் மாற்றுவது பெரும்பாலும் வீண்.

ஆனால் ஊசி முக்கியம். 78 சுழற்சித் தட்டின் பள்ளம் லாங்பிளேயின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். லாங்பிளே ஊசியை வைத்தால் அது அடியில் கிடக்கும் தூசியைச் சுரண்டிக்கொண்டு ஓடும். அதைவிட முக்கியம் வேகம். பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 78 சுற்றில் பதிந்ததை 82, 83 சுற்றில் ஓட்டினால் குரல் ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். கிட்டப்பா எட்டிய சுருதியைப் பற்றி வியந்து பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேகத்தைத்தான். அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டு கேட்டுப் பழகிய காது வேண்டும்.

வயது ஏற ஏற மேல் அதிர்வெண்கள் காதுக்குக் கேட்காமல் போகின்றன. நல்ல கருவி வாங்க வசதி வருவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான். கிட்டப்பாவின் தட்டுக்கோ அந்தக் காதே போதும். அவர் பாடிய ‘எவரனி’ இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கூடவே கேட்கும் கரகரப்பு, தட்டின்மேல் ஊசி ஓடிய சத்தம்.