மணிக்கட்டுப் பயிற்சியும் வேலூரின் கைமருத்துவ வரலாறும்

மணிக்கட்டையும் விரல்களையும் இயக்கும் முன்கைத் தசைகளை வலுப்படுத்தச் செய்யும் உடற்பயிற்சியே மணிக்கட்டுப் பயிற்சி. உள்ளங்கையில் அடங்கும் சுழல்பந்து இதற்கென இன்று பரவலாக விற்கப்படும் கருவி. கையின் வலிமையைக் கூட்டுவது இதன் நோக்கம். கையைப் பயிற்றுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு வேலூர்ப் பகுதியில் 1940களின் இறுதியிலிருந்து ஆழமான விடை ஒன்று உருவானது. அதையும் சேர்த்துப் படித்தால்தான் இக்கருவியைச் சரியாகப் பயன்படுத்த முடியும்.

கர்லாக்கட்டையிலிருந்து சுழல்பந்து வரை

தமிழகத்தில் மணிக்கட்டுப் பயிற்சி புதிதன்று. கர்லாக்கட்டை சுற்றுவதிலும் சிலம்பம் வீசுவதிலும் மணிக்கட்டே திருப்புமுனை. கட்டையின் எடை கைப்பிடிக்கு வெகு தொலைவில் இருப்பதால், அதைத் தலையைச் சுற்றிக் கொண்டுவரும்போது தோளும் முன்கையும் மணிக்கட்டும் ஒன்றாக உழைக்கின்றன. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுதல் ஒரு போட்டியாகவே நடந்தது.

சுழல்பந்தின் வேர் வேறு. ஜைரோஸ்கோப் என்ற சுழலிக்குப் பிரெஞ்சு அறிவியலாளர் லியோன் ஃபூக்கோ 1852இல் பெயரிட்டார். அதன் தத்துவத்தை உடற்பயிற்சிக்குப் பயன்படுத்தி அமெரிக்கரான ஆர்ச்சி மிஷ்லர் அமைத்த கருவிக்கு 1973இல் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் ‘பவர்பால்’ முதலிய பல வணிகப் பெயர்களில் அது உலகெங்கும் பரவியது.

சுழல்பந்து இயங்கும் முறை

இதைப் பம்பரத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாய்ந்தாலும் உடனே விழுவதில்லை. அதன் தலை மெதுவாக வட்டமிடுகிறது. சுழலும் பொருளை ஒரு திசையில் சாய்த்தால், அது அந்தத் திசைக்குச் செங்குத்தான திசையில் திரும்பும். சுழல்பந்தின் ஓட்டுக்குள் கனமான சக்கரம் ஒன்று இருக்கிறது. அதன் அச்சின் இரு முனைகளும் ஓட்டின் உட்புறம் சுற்றிவரும் பள்ளத்தில் பொருந்தியிருக்கும். கயிற்றை இழுத்தோ கட்டைவிரலால் தள்ளியோ சக்கரத்தைச் சுழலவிட்டு, மணிக்கட்டை வட்டமாக அசைத்தால், அச்சின் முனைகள் பள்ளத்தில் உராய்ந்து உருள்கின்றன. அந்த உராய்வே சக்கரத்தை மேலும் வேகமாகச் சுழற்றுகிறது.

வேகம் கூடக் கூடக் கையை எதிர்க்கும் விசையும் கூடும். கர்லாக்கட்டையின் எடை மாறாதது. சுழல்பந்தின் சுமையோ பயிற்சி செய்பவர் தரும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினால் இதமான அசைவு. நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டினால் முன்கை முழுவதும் இறுகும் கடும் உழைப்பு. இந்தப் பண்பே இதன் சிறப்பு, ஆபத்தும் இதிலேயே உள்ளது.

வேலூரில் கைமருத்துவத்தின் தொடக்கம்

ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவப் பணி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1946இல் அங்கு அறுவை மருத்துவராக வந்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் இங்கிலாந்தில் கட்டடத் தொழில் பயின்றவர். கைத்தொழிலை அறிந்த மருத்துவர் என்பது பின்னால் பெரிதும் உதவியது.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் நடத்திவந்தார். அங்கு சென்ற பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கைக்குள் தம் கையை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலற்றது என்று எண்ணிய அந்தக் கையின் பிடி அவரே வலியால் கத்தும் அளவுக்கு வலுவாக இருந்தது. அந்த மனிதருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியவில்லை.

இந்தப் பிடியில் இரண்டு உண்மைகள் இருந்தன. முதலாவது, தொழுநோய் கையின் எல்லாத் தசைகளையும் செயலிழக்கச் செய்வதில்லை. நரம்பு பாதிக்கப்படும்போது உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன; முன்கையில் உள்ள பெருந்தசைகள் பலவும் நலமாகவே இருக்கின்றன. இரண்டாவது, உணர்ச்சி இழந்த கை தன் வலிமையை அளந்து பயன்படுத்த இயலாது. முதல் உண்மை அறுவை மருத்துவத்திற்கு வழிகாட்டியது. இரண்டாவது உண்மையின் முழுப்பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

தசைக்குப் புதிய வேலை

1948இல் வேலூரில் தொழுநோயாளிகளுக்கான கை அறுவைச் சிகிச்சை தொடங்கியது. நலமாக உள்ள தசை ஒன்றின் தசைநாரை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையை அதற்குத் தருவதே முறை. பிற்காலத்தில் பிராண்ட் மணிக்கட்டை மேலே நிமிர்த்தும் தசை ஒன்றையே இதற்குப் பயன்படுத்தினார். வேறிடத்திலிருந்து எடுத்த நாரால் அதை நீட்டி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களோடும் இணைத்தார்.

அறுவை முடிந்ததும் கை வேலை செய்துவிடாது. கட்டு பிரிக்கும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பின்னரே பயிற்சி தொடங்கும். மணிக்கட்டை நிமிர்த்து என்று மூளை இட்ட பழைய கட்டளைக்கு இப்போது விரல்களின் அடிமூட்டு மடங்கும். அந்த அசைவை நோயாளி கண்டுபிடித்து, மீண்டும் மீண்டும் செய்து, பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். விறைத்த விரல்களுக்கு எண்ணெய் தடவி நீவுதலும் மெழுகு ஒத்தடமும் தந்து இளக்கிய பின்பே அசைவுப் பயிற்சி. உணர்வில்லாத தோல் என்பதால் சூட்டைச் சரிபார்ப்பது பயிற்றுநரின் பொறுப்பு. உடலை இளக்கிக்கொண்டு பயிற்சிக்குள் நுழைவது என்று விளையாட்டு வீரர்கள் சொல்வது இங்கு சிகிச்சையின் முதல் படியாக இருந்தது.

எண்ணெய் நீவுதல் முதல் அறுவை வரை அனைத்தும் ஒரு மனிதர் சோற்றைத் தம் கையால் பிசைந்து உண்ணவும், எழுதவும், கருவி பிடித்துப் பிழைக்கவும் வழி செய்தன. இதற்காகவே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவாகி, தச்சு வேலை முதலியன கற்பிக்கப்பட்டன. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது.

பூட்டும் சாவியும்

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறினார். மெலிந்த சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். தரையில் இரத்தத் துளியைக் கண்டு அவன் விரலைப் பார்த்தபோது, சதை எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. அவன் பிராண்டைவிட வலிமை மிக்கவன் அல்லன். நிறுத்தச் சொல்லும் வலி அவனிடம் இல்லை, அவ்வளவுதான்.

தொழுநோயில் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்ற நம்பிக்கை அன்று நிலவியது. உணர்வில்லாத கையில் ஏற்படும் காயங்களும் தீப்புண்களும் அளவு மீறிய அழுத்தமுமே விரல் இழப்புக்குக் காரணம் என்பதை வேலூர்க் குழுவினர் நாள்தோறும் காயங்களைக் கவனித்து நிறுவினர். கருவிகளின் கைப்பிடிகளைத் தடிப்பாக்கி மென்மையாக்கினர். தினமும் கையைக் கண்ணால் சோதிக்கும் பழக்கத்தைக் கற்பித்தனர்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின் பிராண்ட் இதை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தார். எலியின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை தந்தபோது, முதலில் வீக்கமும் பின்னர் புண்ணும் உண்டாயின. அழுத்தத்தின் எண்ணிக்கையைக் குறைத்து இடையே ஓய்வும் தந்தபோது, அதே பாதத்தின் தோல் தடித்து வலுப்பெற்றது. ஒரே அழுத்தம் உடலைக் கட்டவும் செய்யும், சிதைக்கவும் செய்யும். எது நிகழும் என்பதை அளவும் ஓய்வும் தீர்மானிக்கின்றன.

மேரி வர்கீஸ்

இவ்வரலாற்றில் மறக்கக்கூடாதவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இம்மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூர்க் கல்லூரியில் அத்துறையை 1963இல் தொடங்கினார். 1966இல் மறுவாழ்வு நிலையமும் உருவானது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தோல் தொழில் பகுதியின் கைகள்

வேலூரைச் சுற்றியுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலாலும் காலணித் தொழிலாலும் வாழ்கின்றன. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். தோல் வெட்டுதல், ஓரம் சீவுதல், தையல், பசை தடவி ஒட்டுதல் எல்லாமே ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பச் செய்யும் வேலைகள். இப்படிப்பட்ட வேலையில் மணிக்கட்டு வலியும் விரல் மரத்தலும் வரக்கூடியவை. அந்தக் கைக்கு வேலை முடிந்தபின் சுழல்பந்தைத் தருவது, களைத்த தசைக்கு மேலும் சில ஆயிரம் சுற்றுகளைக் கூட்டுவதாகிவிடலாம். வேலைக்கு இடையே கிடைக்கும் சில நிமிட ஓய்வும், எதிர்த்திசையில் விரலை விரித்து மணிக்கட்டை நீட்டும் அசைவும் அதற்கு முதலில் தேவை.

பயிற்சி செய்வோருக்கு

சுழல்பந்து பயில்வோர் முதலில் விரல்களைப் பத்துப் பதினைந்து முறை விரித்து மூடி, மணிக்கட்டை இருபுறமும் மெதுவாகச் சுழற்றி, முன்கையை நீட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். பின்னர் ஓரிரு நிமிடம் குறைந்த வேகத்தில் பந்தைச் சுற்றலாம். பந்தை நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், நெரிக்கக் கூடாது. வேகத்தைச் சில நாள்களில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். கடுமையாகச் செய்த நாளுக்கு மறுநாள் ஓய்வு. வலியோ மரத்தலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். எலும்பு முறிவு, அறுவை ஆகியவற்றிலிருந்து மீள்பவர்களும், நீரிழிவு போன்றவற்றால் கையில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது.

பந்தின் எண்காட்டியில் சுற்றுகளின் எண்ணிக்கை தெரியும். கை எவ்வளவு தாங்கும் என்பது அதில் தெரியாது. அதைச் சொல்வது வலிதான். பிற்காலத்தில் பிராண்ட் வலியை ஒரு கொடை என்றே அழைத்தார்.