இசைத்தட்டும் கேட்டோர் சொல்லும்

இசை காற்றில் பிறந்து காற்றில் மறையும் கலை. சிற்பம் கல்லில் நிற்கும். செய்யுள் ஏட்டில் வாழும். பாடியவர் வாய்மூடிய பின் பாட்டு எங்கே இருக்கிறது? கேட்டவர் நெஞ்சில் இருக்கிறது. கேட்டவரும் மறைந்த பின் எங்கே இருக்கிறது? இவ்வினாவுக்குப் பழந்தமிழ் ஒரு விடை தந்தது. இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டு வேறொரு விடை தந்தது. இரண்டையும் ஒப்புநோக்கி, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபால் அமைந்த கம்போங் ராஜா போன்ற தேயிலைத் தோட்ட வட்டாரங்களில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் காத்திருக்கும் பணி யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி மறைந்தது, சொல் நின்றது

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன், குழலாசிரியன் முதலியோரின் இலக்கணத்தை விரித்துரைக்கிறது. அதற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், தம் காலத்தில் அறியப்பட்டிருந்த இசைநூல்களைப் பெயர் சுட்டிக் கூறுகிறார். அவற்றுள் பஞ்சமரபு போன்ற சில பிற்காலத்தில் கிடைத்தன, பல கிடைக்கவில்லை. மாதவியின் யாழொலியை இன்று எவரும் கேட்க இயலாது. ஆயினும் இசையைக் கேட்டும் கற்றும் அறிந்தவர்கள் எழுதி வைத்த சொற்கள் எஞ்சின. அச்சொற்களைப் பற்றுக்கோடாகக் கொண்டே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' அளித்தார். ஒலி மறைந்த பின்னரும் சொல் நின்றமையால் ஆராய்ச்சி கைகூடிற்று.

இசைத்தட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே ஒலி நின்றது. கேட்டோர் சொல் மறைந்தது.

தட்டு வந்த வழி

1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். அவர் உருளையில் பதித்த ஒலியைப் பத்தாண்டு கழித்து எமிலி பெர்லினர் தட்டையான வட்டில் பதிக்கும் முறையை வகுத்தார். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அப்பயணத்திலேயே அவர் 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து பதிவுகள் நிகழ்த்தினார் என்பது மலாயா மக்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. தொடக்கத்தில் பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக வார்க்கப்பட்டன. 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் ஆலை தொடங்கப்பட்ட பின்னரே இந்தியாவில் தட்டு உற்பத்தியாயிற்று. தட்டின் மூலப்பொருளான அரக்கோ இந்தியக் காடுகளில் விளைவது.

தென்னாட்டில் பதிவுக்கு முற்பட முன்வந்தவர்களுள் இசைவேளாளர், தேவதாசி மரபுப் பெண்கலைஞர்கள் சிறப்பிடம் பெறுவர். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோர் அவ்வரிசையில் நிற்பவர்கள். ஆண் வித்துவான்கள் பலர் கருவியின் முன் பாடத் தயங்கிய காலத்தில், இப்பெண்மணிகளின் குரலே கடல் கடந்தது.

பாரிசில் கேட்ட அருட்பா

அக்குரல் எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் 1910களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து சென்றவர். புகழ்பெற்ற ராவேலின் மாணவரும் நண்பருமாவார். அவர் கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டுகளைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தார். தாயி பாடிய அருட்பாப் பதிவொன்றைத் தழுவி 'ராகமாலிகா' என்னும் உருப்படியை அமைத்தார். அவருடைய 'நான்கு இந்துப் பாடல்கள்' 1914 ஜனவரியில் பாரிசில் அரங்கேறியது. வடலூர் வள்ளலாரின் சொல் ஒரு தமிழ்ப் பெண்மணியின் நாவிலிருந்து அரக்குத் தட்டில் ஏறிப் பாரிசு நகரத்து இசைவாணரின் செவியை எட்டியது. அவர் தாம் கேட்டதைச் சுரக்குறியீடாக எழுதி வைத்தார். எனவே அவர் என்ன கேட்டார் என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது.

அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலும் தமிழர் வாழ்ந்தனர். தட்டுகள் அவர்களிடமும் வந்தன. அவர்கள் என்ன கேட்டனர், எதை வியந்தனர், எதை ஒதுக்கினர் என்பதற்கு எழுத்துச் சான்று அரிது. தெலாழைவிடத் தாயியின் மொழியை நன்கறிந்தவர்கள் அவர்கள். அவர்தம் கருத்தே எழுதப்படாமற் போயிற்று!

கூடிக் கேட்டல்

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் 1929ஆம் ஆண்டு முதல் உருவாகத் தொடங்கின. கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலித் தோட்டம் அவ்வழியில் வந்த ஒன்று. கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைச்சரிவுகளில் காடழித்துத் தேயிலை நட்டவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். சென்னைச் சபாக்களோ தஞ்சைத் திருவிழாக்களோ அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தன. ஊரில் இருந்த காலத்திலும் அக்கச்சேரி மேடைகளின் முன்வரிசை அவர்களுக்கு உரியதாக இருந்ததில்லை. தட்டோ கேட்பவரின் குலத்தையும் வினவவில்லை. நுழைவுச் சீட்டையும் கேட்கவில்லை.

ஆனால் கிராமபோன் பெட்டி கூலித் தொழிலாளியின் வருவாய்க்கு எளிதில் அடங்கும் பொருளன்று. கங்காணி, கிராணி, கடைக்காரர் போன்றோரிடமே அது பெரும்பாலும் இருக்கக்கூடியது. ஆதலின் ஒருவர் பெட்டியைச் சுற்றிப் பலர் அமர்ந்து கேட்பது இயல்பாயிற்று. சாவி கொடுத்துச் சுருள்வில்லை முறுக்க வேண்டும். தட்டின் பக்கந்தோறும் ஊசி மாற்ற வேண்டும். மூன்று நிமிடத்தில் பாட்டு முடியும். தட்டைத் திருப்பும் இடைவெளியிலே பேச்சுப் பிறக்கும். இக்காலத்து ஒலிக்கருவிகள் இடைவெளியின்றிப் பாடுகின்றன. அக்காலத்துத் தட்டு மூன்று நிமிடத்திற்கொருமுறை கேட்போரைப் பேசவிட்டது.

திருவிழா நாள்களிலோ ஒலிபெருக்கி கட்டி 'ரிக்கார்டு போடுவது' வழக்கமாயிற்று. நாகசுரக் கலைஞரை வருவிக்க இயலாத தோட்டக் கோயில்களில் தட்டே மங்கல இசை வழங்கியது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது மலாயா வானொலி, சமூகக் கேட்புத் திட்டத்தின் கீழ்த் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் வானொலிப் பெட்டிகளை வழங்கியது. அதன் நோக்கம் அரசியல் பரப்புரையே. எனினும் பலர் ஓரிடத்தில் கூடிக் கேட்கும் பழக்கம் அதனாலும் வலுப்பெற்றது.

தட்டு கூறுவதும் கூறாததும்

தட்டு உண்மையை உள்ளவாறே உரைக்கும் சாட்சி என்று எண்ணுதல் பிழை. 1925ஆம் ஆண்டையொட்டி மின் ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வருமுன், பாடகர் ஒரு பெரிய கொம்புக் குழலை நோக்கி உரத்துப் பாட வேண்டியிருந்தது. தம்புராவின் நுண்ணொலி அதில் ஏறாது. ஆகவே அக்காலப் பாடகர் அனைவரும் கத்திப் பாடினர் என முடிவு கட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

வேகமும் அத்தகையதே. நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பின்னரே நிலைபெற்ற அளவு; தொடக்ககாலத் தட்டுகள் அதனின் கூடியும் குறைந்தும் பதிவாயின. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு மிகுந்தால் சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். சுருள்வில் தளர்ந்தாலோ சுருதி இறங்கும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், இளமையிலேயே மறைந்தார். அவருடைய உச்சக்குரல் நாடக மேடையின் வியப்பாகப் போற்றப்பட்டது. தட்டில் நாம் கேட்கும் உயர்வு அவர் குரலுக்குரியது எவ்வளவு, சுழற்சியின் வேகத்திற்குரியது எவ்வளவு என்பதை ஒருவர் தனித்திருந்து தீர்மானித்தல் அரிது. நேரில் கேட்டவர் ஒருவர், சுருதி அறிந்தவர் ஒருவர், கருவி அறிந்தவர் ஒருவர் என மூவர் கூடினால் விடை நெருங்கி வரும். கருத்துப் பரிமாற்றம் இங்கே பொழுதுபோக்கன்று. உண்மை காணும் முறையாகும்.

வீணை தனம்மாளை நோக்குக. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிறு கூட்டமொன்று மூச்சடக்கி அமர்ந்து அவர் வாசிப்பைக் கேட்கும். மிருதங்கமின்றி மென்மையாக மீட்டுவது அவர் பாணி. 1932இல் கொலம்பியா நிறுவனம் அவர் வாசிப்பைப் பதிவு செய்தது. 1938இல் அவர் மறைந்தார். அவ்வெள்ளிக்கிழமைக் கூட்டத்தினர் சொன்னதும் எழுதியதும் இருப்பதால், தட்டின் கரகரப்பினூடே எதைத் தேடிக் கேட்க வேண்டும் என்று நாம் அறிகிறோம். அச்சொற்கள் இல்லையேல் அப்பதிவு பலருக்குத் தேய்ந்த ஓசையாக மட்டுமே தோன்றும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அவ்வாறே. இரவெல்லாம் வீதியில் விரிந்த ஆலாபனையைத் தட்டின் சில நிமிடங்கள் சுட்டிக்காட்டுமேயன்றி முழுதும் காட்டா.

இன்னொன்றும் கருதத்தக்கது. கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பாடலுக்கு முதன்மை வேண்டி 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தட்டிலோ முதற்பாட்டு, கடைப்பாட்டு என்னும் படிநிலை இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழு அரங்கம். கேட்போர் விரும்பிய தமிழ்ப் பாடலை விரும்பிய அளவு போட்டுக் கேட்டனர். தமிழிசை வேட்கையைத் தமிழ் மக்களிடையே வளர்த்ததில் இதற்கும் பங்கு உண்டு எனக் கருதலாம். அதனை மெய்ப்பிக்க வேண்டுமாயின் அக்கேட்போரின் சொல் வேண்டும்.

எழுதாத ஏடு

1923இல் இங்கிலாந்தில் காம்ப்டன் மெக்கன்சி 'கிராமபோன்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். இசைத்தட்டுகளைக் கேட்டு மதிப்பிட்டு எழுதும் மரபு அவ்விதழால் வேரூன்றியது. தமிழகத்தில் கல்கி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை விமரிசனம் எழுதினார். நகரத்துச் சுவைஞரின் கருத்து இவ்வாறு அச்சேறிற்று. தோட்டத்துச் சுவைஞருக்கு இதழும் இல்லை. எழுதும் ஓய்வும் இல்லை. அவர்தம் விமரிசனம் வாய்மொழியாகப் பிறந்து வாய்மொழியாகவே மறைந்தது. மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவும் துயரின் வரலாறாகவுமே எழுதப்படுகிறது. அது முற்றும் உண்மை. ஆயினும் அம்மக்கள் சுவையறிந்தவர்களாகவும் வாழ்ந்தார்கள் என்பதை எழுதாவிட்டால் அவர்களை வெறுங் கைகளாகவும் கால்களாகவும் சுருக்கிவிடுவோம்.

செய்யத்தக்கவை

கம்போங் ராஜா வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளி மாணவரின் பாட்டன் பாட்டியரை முதற்கண் அணுகலாம். யார் வீட்டில் பாட்டுப் பெட்டி இருந்தது, தட்டு எவ்வூரிலிருந்து வந்தது, யாருடன் அமர்ந்து கேட்டீர்கள், எப்பாட்டை மீண்டும் போடச் சொன்னீர்கள், ஏன் என்று வினவலாம். 'நன்றாக இருந்தது' என்னும் விடையோடு நில்லாது, குரலா, சொல்லா, தாளமா எனத் துருவிக் கேட்டல் வேண்டும். அவர்கள் கூறும் சொற்களையே மாற்றாது எழுதுதல் வேண்டும். நம் கலைச்சொற்களை அவர் வாயில் திணித்தல் ஆகாது.

தட்டு எங்கேனும் எஞ்சியிருப்பின் அதுவும் ஓர் ஆவணமே. அதன் நடுவில் ஒட்டிய தாளில் விற்ற கடையின் முத்திரை இருக்கலாம். உடையவர் பெயர் மையால் எழுதப்பட்டிருக்கலாம். பள்ளங்கள் வெளுத்துத் தேய்ந்த தட்டு, மிகுதியாகக் கேட்கப்பட்ட தட்டு என்பதை உணர்த்தும். மலைப்பகுதியின் ஈரமும் பூஞ்சையும் தாளுறைகளை விரைவில் அரிக்குமாதலால் இப்பணியைக் காலந்தாழ்த்துதல் தகாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் பேணி வருகிறது. அத்தகைய காப்பகங்களுக்கு நாம் அனுப்பக்கூடிய அரிய பொருள், தட்டோடு சேர்ந்த கேட்டோர் குறிப்பேயாகும்.

வகுப்பறையிலும் ஒரு பயிற்சி செய்யலாம். பழைய பதிவொன்றை ஒருமுறை ஒலிக்கச் செய்து, மாணவர் தத்தம் கருத்தைத் தனித்தனியே எழுதட்டும். பின்னர் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து உரையாடட்டும். மூன்றாவதாக அதே பதிவை மீண்டும் கேட்கட்டும். முதற்கேள்வியில் புலப்படாத வயலினும், விழுங்கப்பட்ட ஒற்றெழுத்தும், குழைந்து வந்த கமகமும் இரண்டாம் கேள்வியில் தெளிவாகும். பிறர் செவியைக் கடனாகப் பெறுவதால் விளையும் பயன் அது.

பண்டைத் தமிழிசையின் ஒலியை இழந்த நாம், உரையாசிரியர் விட்டுச்சென்ற சொல்லைக் கொண்டு அதனைத் தேடுகிறோம். நமக்குப் பின் வருவோர் கையில் ஒலி இருக்கும். அவ்வொலி மலைநாட்டுத் தமிழர் நெஞ்சில் என்ன செய்தது என்னும் உரை இராது. அவ்வுரையை எழுதத்தக்க முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர் சொல்லக் கேட்டு எழுதுவது தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கடனாகும்.