பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும்: ஒரு நோய்ப் பேச்சின் வரலாறு

திருவண்ணாமலை வட்டாரத்துக் குடும்பங்களில் புற்றுநோயைப் பற்றிய பேச்சு எந்த வழியாக நடந்தது, எந்த வாசலில் நின்றுபோனது என்பதை அறிய, அவ்வட்டாரத்தின் திருமண உறவுகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மாமன் மகள், அத்தை மகன், சில குடும்பங்களில் அக்காள் மகள் என்று அறிந்த வீடுகளுக்குள்ளேயே பெண் கொடுத்தும் எடுத்தும் வந்த சமூகங்களில், ஒரு வீட்டில் யார் எதனால் இறந்தார் என்பது மருத்துவச் செய்தியாக அல்லாமல் வரன் விசாரிப்பவர்களின் செய்தியாகவே ஊர் சுற்றியது. அதனாலேயே மார்பில் வந்தது ‘கட்டி’ என்றும், சூலகத்திலோ குடலிலோ வந்தது ‘வயிற்றுக் கோளாறு’ என்றும் பெயர் மாற்றப்பட்டு, அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயரிலேயே சொல்லப்பட்டது. 1989இல் தனி மாவட்டம் உருவாகி, பின்னர் ஆட்சியர் அலுவலகம் அமையப்பெற்ற வேங்கிக்கால் போன்ற புறநகர்களுக்குக் கிராமத்துக் குடும்பங்கள் குடிபெயர்ந்தபோது, நிலத்தை விட்டுவந்தவர்களும் இந்த மௌனத்தை விட்டுவரவில்லை.

இத்தனைக்கும், புற்றுநோய் ஒன்றை ஊரே அறிந்து பேசிய வரலாறு இதே மலையடிவாரத்துக்கு உண்டு. இங்கு வாழ்ந்த துறவி ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அகற்றப்பட்டு, மீண்டும் வளர்ந்து, சார்கோமா என்று, அதாவது எலும்பு, கொழுப்பு முதலிய இணைப்புத் திசுக்களில் தோன்றும் புற்று என்று கண்டறியப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு அறுவைகள் நடந்தன, ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது, கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறையும்வரை ஒவ்வொரு கட்டமும் அடியார்களுக்குத் தெரிந்தே இருந்தது. துறவிக்குப் பெண் கேட்டு வருபவரில்லை, கொடுக்க வேண்டிய மகளுமில்லை. அந்த நோயைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

இல்லறத்தாரின் புற்றுநோயைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதலிடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கே உரியது. தம் தங்கையை இளவயதிலேயே மலக்குடல் புற்றுக்குப் பறிகொடுத்த அவர், அந்த இழப்பை மறைக்காமல் அதையே காரணமாகச் சொல்லி, 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டுமென்று கேட்டார்; 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. குடும்பத்துக்குள் புதைந்திருக்கக்கூடிய ஒரு மரணம் ஒரு நிறுவனமாக எழுந்து நின்றது பெரும் சாதனை. ஆனால் பிற்காலத்தில் ‘அடையாறுக்குப் போய்வருகிறார்கள்’ என்பதே நோயின் பெயரைச் சொல்லாமல் சொல்லும் குறிப்பாகவும் ஆகிவிட்டது.

குடும்பப் பேச்சு மறைத்ததையே அறிவியல் தேடிச் சென்றது. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1895இல், தையல் தொழில் செய்த பெண்ணொருவர் தம் வீட்டார் பலரைப் போலத் தாமும் புற்றுநோயால்தான் இறப்பார் என்று சொன்னதைக் கேட்ட மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தின், அக்குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். அப்பெண்ணும் சொன்னபடியே இறந்தார். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். உயிரணுவில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய உதவும் இந்த மரபணுவிலோ இதையொத்த பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவிலோ பிறவியிலேயே பிழை இருந்தால், மார்பகப் புற்றும் சூலகப் புற்றும் வரும் வாய்ப்பு பலமடங்கு உயர்கிறது. தென்னிந்தியக் குடும்பங்களில் இப்பிழைகளைத் தேடிய அடையாறு நிலையத்தின் ஆய்வு 2003இல் வெளிவந்தது. புற்றுநோய்களில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே இவ்வாறு பரம்பரையாக வருபவை என்பதால், நோய் கண்ட வீடெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை.

எந்த வீடு அஞ்ச வேண்டியது என்பதைப் பிரித்தறிய, மரபணு ஆலோசகர் முதலில் கையிலெடுப்பது ஊசியை அன்று, ஒரு தாளையும் பேனாவையும்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு உள்ளே கருப்பு, இறந்தவருக்குக் குறுக்கே சாய்கோடு என மூன்று தலைமுறை வரையப்படுகிறது. கணவனும் மனைவியும் இரத்த உறவினராயின் அவர்களை இணைக்கும் கோடு இரட்டைக் கோடாகிறது. இத்தாளை நிரப்பத் தேவையான அறிவு வீட்டின் மூத்த பெண்களிடம்தான் இருக்கிறது. எந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று தடுமாறாமல் சொல்லக்கூடிய பாட்டிக்கு, நாத்தனார் இறந்த வயது நினைவில்லாவிட்டாலும், மூத்தவனுக்குக் காது குத்திய வருஷம் என்று சொல்லத் தெரியும். அந்த வருஷத்தைக் கொண்டு வயதையும், ‘வயிறு வீங்கி நீர் கோத்துக்கொண்டது’ என்ற சொல்லைக் கொண்டு அது சூலகப் புற்றாக இருந்திருக்கலாம் என்பதையும் ஊகிக்கலாம். வரன் விசாரணைக்காக நூற்றாண்டுகளாகப் பேணப்பட்ட ஞாபகம் இல்லாவிட்டால் இப்படம் பாதியில் நின்றுவிடும்.

பரிசோதனை பெரும்பாலும் நோயுற்றவரிடமே தொடங்கப்படுகிறது. அவரிடம் பிழை கண்டறியப்பட்டால் உடன்பிறந்தார், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முடிவு அவருக்கே உரிய இரகசியமாதலால், மருத்துவமனை தானாக உறவினருக்குச் சொல்வதில்லை. வேலூர் மருத்துவமனைக்கோ அடையாறு நிலையத்துக்கோ சென்று திரும்பும் பெண்தான் அதைச் சுமந்து வந்து வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமக்கையிடம் சொல்பவர்கூட அண்ணனிடம் சொல்லாமல் விடுவதற்கு, பெண்களுக்கு வரும் நோய் தாய்வழியாகத்தான் வரும் என்ற தவறான நம்பிக்கை ஒரு காரணம். உண்மையில் தந்தையும் அதே அளவு வாய்ப்புடன் மகளுக்கு அப்பிழையைத் தருகிறார். மற்றொரு காரணம் அண்ணன் மகளைத் தன் மகனுக்கு எடுக்கும் எண்ணம். சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்ற அச்சம் அங்கே வாயை அடைக்கிறது. ஆனால் அந்தப் பிழை பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் அமைந்து, மணமக்கள் இருவருக்குமே இறங்கியிருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஃபேன்கோனி இரத்தசோகை, அதாவது எலும்பு மஜ்ஜை சிறுவயதிலேயே செயலிழக்கும் கொடிய நோய், வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.