கோபுரத்துக் குமாஸ்தா

அடிமை முறையை ஒழித்தவர் யார் என வினவினால், பள்ளியில் வரலாறு பயின்றோர் ஆபிரகாம் லிங்கன் என்பர். சற்றே விரிவாகப் படித்தோர் வில்பர்போர்ஸ் என்பர். இருவரும் போற்றத்தக்கவரே. ஆயினும் வில்பர்போர்ஸ் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் அடிமை வாணிகத்தை எதிர்த்துத் தம் முதற் பேருரையை நிகழ்த்திய 1789-ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்பே, இலண்டன் கோபுரத்தில் பணியாற்றிய ஓர் அரசாங்கக் குமாஸ்தா இப்போரைத் தொடங்கிவிட்டார். கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம்மனோர் அவரை அறிந்திருத்தல் நன்று. அவர் பெயர் கிரான்வில் ஷார்ப்.

1735-ல் டர்ஹாம் நகரில் பிறந்தவர். பாட்டனார் யார்க் நகரத் தலைமைப் பேராயர். எனினும் குடும்பம் பெரிது. மூத்த பிள்ளைகளின் படிப்பிலேயே பொருள் கரைந்தமையால், இளையவரான கிரான்வில் துணிக்கடையொன்றில் தொழில் பழக அனுப்பப்பட்டார். அங்கு உடனிருந்த ஒருவர் சமய வாதத்தில், "உமக்குக் கிரேக்கம் தெரியாது, மூல நூலை நீர் எங்ஙனம் அறிவீர்?" என்னும் பொருள்பட இகழ்ந்தாராம். அதற்கென்றே கிரேக்கம் கற்றார். யூதர் ஒருவருடன் வாதிட நேர்ந்தபோது எபிரேயமும் கற்றார். இப்பிடிவாதமே பின்னாளில் ஒரு பேரரசின் சட்டத்தை அசைக்கப் போகிறது என்று அக்கடையில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1758-ல் போர்க்கருவித் துறையில் எழுத்தர் வேலை கிடைத்தது.

அவருடைய அண்ணன் வில்லியம் அறுவை மருத்துவர்; மின்சிங் லேன் என்னும் தெருவில் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்துவந்தார். 1765-ல் அவ்வீட்டு வாயிலில் ஷார்ப் ஒரு கறுப்பினச் சிறுவனைக் கண்டார். பெயர் ஜொனாதன் ஸ்ட்ராங்; வயது பதினாறு, பதினேழு இருக்கும். பார்படோஸ் தீவிலிருந்து வந்த டேவிட் லைல் என்பவன் அவனுடைய எசமானன். கைத்துப்பாக்கியால் அவன் தலையில் மாறிமாறி அடித்து, கண்பார்வை மங்கி நடக்கவும் இயலாத நிலை வந்ததும், இனிப் பயனில்லை என்று தெருவில் விட்டுவிட்டான். லைல் தொழிலால் வழக்கறிஞன் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். சகோதரர் இருவரும் சிறுவனை மருத்துவமனையில் சேர்த்தனர். நான்கு மாதங்களுக்கு மேல் அங்கிருந்து அவன் தேறினான். பின்னர் மருந்துக்கடையில் ஒரு வேலையும் தேடிக் கொடுத்தனர்.

இரண்டாண்டு கழிந்தது. உடல் நலம் பெற்று நடமாடிய ஸ்ட்ராங்கை லைல் தெருவில் கண்டான். எறிந்த பொருளுக்கு விலை வந்துவிட்டது! ஜமைக்காத் தோட்டக்காரர் ஜேம்ஸ் கெர் என்பவருக்கு 30 பவுனுக்கு விற்று, கப்பல் புறப்படும்வரை சிறையில் அடைத்துவைத்தான். ஸ்ட்ராங் சிறையிலிருந்து ஷார்ப்புக்கு ஓர் ஓலை விடுத்தான். ஷார்ப்புக்கு முதலில் அப்பெயர் நினைவுக்கு வரவில்லை. ஆயினும் நேரிற்சென்று பார்த்தார். விவகாரம் இலண்டன் மேயரின் முன் வந்தது. குற்றம் ஏதுமில்லாதவனைச் சிறையில் வைத்தல் ஆகாது என்று மேயர் விடுவித்தார். விடுவித்த அக்கணமே கப்பல் தலைவன் சிறுவனின் கையைப் பற்றினான். தாக்கிய குற்றத்திற்கு வழக்குத் தொடுப்பேன் என்று ஷார்ப் முழங்கவே கையை விட்டான்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. தம் "சொத்தை"ப் பறித்துக்கொண்டதாகக் கெர், ஷார்ப்பின் மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர்களை நாடியபோது, 1729-ல் அரசின் தலைமைச் சட்ட அலுவலர் இருவர் வழங்கிய கருத்துரையை எடுத்துக் காட்டினர். இங்கிலாந்தில் கால் வைப்பதாலோ ஞானஸ்நானம் பெறுவதாலோ அடிமை விடுதலை பெறுவதில்லை என்பது அக்கருத்துரை. சமாதானமாகப் போவதே மேல் என்றும் அறிவுறுத்தினர். மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றைக் காட்டி, "இதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கோப்பை மூடும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். ஷார்ப் மூடவில்லை. அதுவரை சட்ட நூலொன்றைப் புரட்டியறியாத அவர், அலுவலக வேலை போக எஞ்சிய நேரத்தில் இரண்டாண்டு காலம் ஆங்கிலச் சட்டங்களைத் துருவினார். கருத்துரை என்பது சட்டமன்று. ஒரு மனிதன் மற்றொருவனின் சொத்தாவதற்கு ஆங்கிலச் சட்டத்தில் இடமே இல்லை என்று கண்டார். அவர் எழுதியது கையெழுத்துப் படியாக வழக்கறிஞரிடையே உலவியது. எதிர்த்தரப்பு பின்வாங்கியது, மும்மடங்கு செலவுத்தொகையும் கட்ட நேர்ந்தது. 1769-ல் அது நூலாகவும் வெளிவந்தது. ஸ்ட்ராங் நெடுநாள் வாழவில்லை. 1773-ல், இருபத்தைந்து வயதளவில் மறைந்தார்.

ஷார்ப்பை முகஞ்சுளித்த சீர்திருத்தக்காரராக எண்ணிவிடலாகாது. அக்குடும்பம் இசைக் குடும்பம். தேம்ஸ் நதியில் படகில் அமர்ந்து சகோதர சகோதரியர் கச்சேரி நடத்துவர். இவர் இரண்டு குழல்களை ஒருசேர ஊதுவார். இவர் பெயரின் பொருளே ஓர் இசைக்குறியின் பெயருமாதலால், சில சமயம் முதலெழுத்தையும் அக்குறியையும் மட்டுமே இட்டுக் கையொப்பமிடுவாராம். எந்தத் தலைமை எழுத்தர் அதை ஏற்றாரோ!

1772-ல் ஜேம்ஸ் சாமர்செட் வழக்கு வந்தது. தப்பியோடிய அவரை எசமானன் பிடித்து ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்திருந்தான். ஆட்கொணர்வு ஆணையால் மீட்கப்பட்ட சாமர்செட் நேரே ஷார்ப்பிடம் வந்தார். தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவோ, தீர்ப்பளிக்காமலே தீர்த்துவிட முயன்றார். தம்மைக் கண்டால் நீதிபதி சினங்கொள்ளக்கூடும் என்று ஷார்ப் நீதிமன்றத்துக்கே செல்லவில்லை. குறிப்புகளை மட்டும் எழுதியனுப்பினார். ஜூன் 22-ல் தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் எவரையும் அடிமையென்று கூறி வலிந்து நாடு கடத்த இயலாது என்பதே அதன் சாரம். இங்கிலாந்திலிருந்த அடிமைகள் அனைவரும் அன்றே விடுதலை பெற்றனர் என்று பலர் எழுதுவது மிகை.

மூன்றாண்டு சென்றபின் அமெரிக்கப் போர் மூண்டது. குடியேற்ற மக்களை ஒடுக்கும் ஆயுதங்களுக்குக் கடிதம் எழுத மனம் ஒப்பாமல் ஷார்ப் விடுப்பெடுத்தார். பின்னர் வேலையையே துறந்தார். நாற்பது வயதில், வேறு வருவாயின்றி, அரசாங்க உத்தியோகத்தை விடுவது எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை. சகோதரர்கள் தாங்கினர்.

1783-ல் முன்னாள் அடிமையான ஒலாடா எக்குவியானோ அவரிடம் வந்து ஒரு செய்தி சொன்னார். 1781-ல் 'ஸாங்' என்னும் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்திருந்தனர். வழக்கும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கொலை வழக்கன்று, காப்பீட்டு வழக்கு! தலைக்கு 30 பவுன் கோரினர் உரிமையாளர். ஜூரிகளும் அவர்கள் பக்கமே தீர்த்திருந்தனர். மறுவிசாரணைக்கு ஆணை பிறந்தது. கொலைக்குற்றம் சாட்ட வேண்டுமென்று ஷார்ப் கடற்படைத் தலைமைக்கு எழுதினார். ஒருவர்மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை.

1787 மே 22-ல் இலண்டன் அச்சுக்கூடம் ஒன்றில் பன்னிருவர் கூடி ஒரு குழு அமைத்தனர். ஒன்பதின்மர் குவேக்கர் சமயத்தார். ஷார்ப் தலைவர். குழுவின் கால்களாக விளங்கியவர் தாமஸ் கிளார்க்சன். துறைமுகந்தோறும் சென்று கப்பல்களின் மஸ்டர் ரோல்களைப் புரட்டினார். அடிமை வாணிகம் மாலுமிகளை உருவாக்கும் பயிற்சிக்களம் என்று கூறிவந்தனர் வணிகர். அப்பட்டியல்களோ மாலுமிகளே கூட்டங்கூட்டமாக மாண்டதைக் காட்டின. உணர்ச்சியுரைகள் செய்யாததைப் பெயர்ப்பட்டியல் செய்தது. பெண்கள் தேநீரில் மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கினர். அடிமைகள் விளைக்காதது என்று கூறி இந்தியச் சர்க்கரையைச் சிலர் வாங்கினர். நம் நாட்டு வயல்களிலும் அக்காலத்தில் பிறவி அடிமைகள் இருந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

1807-ல் வாணிகம் தடை செய்யப்பட்டது. 1813-ல் ஷார்ப் மறைந்தார். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தையே ஒழித்தது. ஆனால் இரண்டு கோடி பவுன் இழப்பீடு எசமானருக்கே சென்றது, அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனை ஆங்கில அரசு 2015-ல்தான் முற்றிலும் அடைத்தது. அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கும் அளித்திருந்தது. நமக்கு 1843 வரை காத்திருப்பு. அவ்வாண்டின் ஐந்தாம் சட்டமும் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றதேயன்றி, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை.

இதற்கிடையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீஷியஸுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின்பேரில் கப்பலேறினர். சென்னையிலிருந்தும் தமிழர் பல்லாயிரவர் சென்றனர். அவர்களுடைய பதிவேடுகள் இன்றும் அத்தீவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன. நம் ஆறுமுகம் அங்கே 'ஆர்மூகம்' ஆகியிருக்கிறார். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி.