பலகையில் தெரிவது எந்த அறிவு? சதுரங்கத் திறனும் நுண்ணறிவும்

சதுரங்கம் நன்றாக ஆடும் பிள்ளையைக் கண்டால் ‘மூளைக்காரப் பிள்ளை’ என்று சொல்வது நம் வழக்கம். 2024 டிசம்பரில் பதினெட்டு வயது குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றபோது அந்தச் சொல் மறுபடியும் எங்கும் புழங்கியது. அதற்குள் இரண்டு கூற்றுகள் பொதிந்திருக்கின்றன. நன்றாக ஆடுபவர் பொதுவாகவே அறிவு மிக்கவர் என்பது ஒன்று. அறிவு மிக்கவரால் மட்டுமே நன்றாக ஆட முடியும் என்பது மற்றொன்று. அளந்து பார்த்த ஆய்வுகள் முதல் கூற்றுக்குச் சிறிதளவு இடம் தருகின்றன. இரண்டாவதற்கு இடமே தரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆட்டத்தைக் கற்கத் தொடங்கும் காலத்தில் நுண்ணறிவு கைகொடுக்கிறது. தரம் உயர உயர அதன் பங்கு சுருங்கி, ஆண்டுக்கணக்கில் சேர்த்த சதுரங்க அறிவின் பங்கு பெருகுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேள்வி பழையது. பின்னாளில் நுண்ணறிவுச் சோதனைக்கு வித்திட்ட ஆல்ஃபிரட் பினே, 1894இல் வெளியிட்ட நூலில், பலகையைப் பார்க்காமல் ஆடும் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார். அவர்கள் மனத்தில் பலகை புகைப்படம்போல் பதிந்திருக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கிடைத்த விடை வேறு. காயின் நிறமோ உருவமோ அவர்கள் மனத்தில் அவ்வளவாக இல்லை. எந்தக் காய் எதைத் தாக்குகிறது, எதைக் காக்கிறது என்ற உறவுகளே இருந்தன. 1925இல் மாஸ்கோவில் நடந்த பெரும் போட்டிக்கு வந்த வீரர்களை மூன்று சோவியத் உளவியலாளர்கள் சோதித்தபோதும், சதுரங்கத்தோடு தொடர்புடைய நினைவாற்றலைத் தவிர, மற்ற திறன்களில் அவர்கள் பிறரிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

திருப்புமுனை நெதர்லாந்தில் நேர்ந்தது. ஆட்ரியான் டி குரூட் உளவியலாளர். தம் நாட்டுக்காக ஒலிம்பியாடில் ஆடியவரும்கூட. 1946இல் வந்த அவருடைய ஆய்வு, ஆட்டக்காரர்களை ஒரு நிலையின் முன் அமர்த்தி, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்தது. முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயும் அதில் பங்கேற்றார். மேல்நிலை வீரர்கள் கழக அளவிலான நல்ல ஆட்டக்காரர்களைவிட மிக அதிகமான நகர்வுகளை முன்கூட்டிக் கணக்கிடவில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டது.

ஏன் பட்டது என்பதற்கு விடை தந்தது 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சோதனை. உண்மையான ஆட்டத்தின் நடுப்பகுதி. பலகையில் ஏறக்குறைய இருபத்தைந்து காய்கள். ஐந்து நொடி காட்டிவிட்டு மறைக்கிறார்கள். பக்கத்திலுள்ள வெற்றுப் பலகையில் அதை அப்படியே அடுக்க வேண்டும். மாஸ்டர் சுமார் பதினாறு காய்களைச் சரியாக வைத்தார், நடுத்தர ஆட்டக்காரர் எட்டு, புதியவர் நான்கு. பிறகு அதே காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் கலைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரும் புதியவரைப் போலவே மூன்று நான்கு காய்களோடு தடுமாறினார். பின்னர் வந்த ஆய்வுகளில், கலைந்த பலகையிலும் மாஸ்டருக்கு ஒரு சிறு மேன்மை உண்டு என்று தெரிந்தது. ஆனாலும் அது மிகச் சிறியதே. பொதுவான நினைவாற்றல்தான் காரணம் என்றால், காய்கள் எப்படி நின்றாலும் மாஸ்டர் வென்றிருக்க வேண்டும்.

பலகைக்கு அருகே போய்ப் பார்த்தால் இது விளங்கும். கோட்டை கட்டிய வெள்ளை ராஜா மூலையை ஒட்டி நிற்கிறார், முன்னால் நகராத மூன்று சிப்பாய்கள், பக்கத்தில் யானை, சற்று முன்னே ஒரு குதிரை. புதியவருக்கு இவை ஆறு காய்கள், ஆறு இடங்கள். பல ஆண்டுகள் ஆடியவருக்கு இது ஒரே பொருள். ‘அம்மா’ என்று படிக்கும்போது எழுத்துக் கூட்டாமல் சொல்லையே காண்கிறோமே, அதுபோல. இத்தகைய தொகுதிகள் பல்லாயிரக்கணக்கில் மாஸ்டரின் நினைவில் இருப்பதாகச் சைமன் கணித்தார். ஒவ்வொன்றோடும் ‘இங்கே குதிரையைப் பலி கொடுக்கலாமா பார்’ என்பது போன்ற ஒரு நினைவூட்டலும் ஒட்டியிருக்கிறது. பார்வையாளர் ‘மேதைமை’ என்று வியப்பது பெரும்பாலும் இந்தச் சேமிப்பைத்தான்.

அப்படியானால் நுண்ணறிவுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2016இல் அலெக்சாண்டர் பர்கோயினும் உடன் ஆய்வாளர்களும் பத்தொன்பது ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். புதிய சிக்கலை அலசும் திறனுக்கும் சதுரங்கத் திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.24. இதை இருபடியாக்கினால், ஆட்டக்காரர்களிடையே காணும் வேறுபாட்டில் நூற்றில் ஆறு பங்கைத்தான் இத்திறன் விளக்குகிறது. சராசரியைவிட முக்கியமானது உட்பிரிவு. சிறுவர்களிடம் இக்கெழு 0.32, பெரியவர்களிடம் 0.11. தரப்புள்ளி பெறாதவர்களிடம் 0.32, பெற்றவர்களிடம் 0.14. நம் வாதத்தின் முதுகெலும்பு இந்த எண்களே.

பிலாலிச், மெக்லியோட், கோபே ஆகியோர் 2007இல் பிரிட்டனில் 57 சிறுவர்களை ஆராய்ந்தார்கள். மொத்தக் குழுவில் நுண்ணறிவு ஓரளவு உதவியது. பயிற்சி அதைவிட அதிகம் உதவியது. அவர்களுள் சிறந்த 23 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நுண்ணறிவு கூடியவர்களின் ஆட்டத்தரம் சற்றுக் குறைவாக இருந்தது. அவர்கள் குறைவாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்பதே காரணம். ஆட்டத்தை எளிதில் பிடித்துக்கொண்ட பிள்ளை உழைப்பைக் குறைத்துக்கொண்டது. மெல்லப் புரிந்துகொண்ட பிள்ளை விடாமல் உட்கார்ந்து முன்னேறியது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. மேல்நிலைக்கு வந்தவர்களை மட்டும் அளந்தால் அறிவின் வீச்சு ஏற்கெனவே குறுகியிருக்கும். அதனால் ஒட்டுறவும் குறைவாகத் தெரியும். கூடைப்பந்து வீரர்களுக்குள் உயரத்தின் பங்கைத் தேடுவது போன்றது அது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆஸ்திரியாவில் போட்டிகளில் ஆடும் 90 பேரிடம் கிராப்னரும் உடனாய்வாளர்களும் கண்ட ஒட்டுறவு 0.35 அளவில் இருந்ததையும் மறைப்பதற்கில்லை. அதே வீரர்களின் நீண்டகாலத் தரவை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுட்பமானது: எண்சார் நுண்ணறிவு மிக்கவர்கள் ஒரே அளவு பயிற்சியிலிருந்து அதிகப் பயன் பெற்றார்கள். ஆக, நுண்ணறிவும் பயிற்சியும் ஒன்றையொன்று பெருக்குபவை. பயிற்சி மட்டுமே போதும் என்பதும் உண்மையல்ல. அர்ஜென்டினாவில் கோபேயும் காம்பிதெல்லியும் கண்டபடி, மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. அந்த வேறுபாட்டை முழுதும் உழைப்பின் கணக்கில் எழுத முடியாது. அதற்காக அதை நுண்ணறிவின் கணக்கிலும் எழுதிவிட முடியாது. தொடங்கிய வயது, வழிகாட்டி, வீட்டுச் சூழல், ஆர்வம் ஆகியனவும் அதில் கலந்திருக்கின்றன.

உலக சாம்பியன்களின் நுண்ணறிவு ஈவு 180, 190 என்று உலவும் எண்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேரி காஸ்பரோவை ‘டெர் ஷ்பீகல்’ இதழ் 1987இல் உண்மையாகவே சோதிக்கச் செய்தபோது வந்த எண் 135. உயர்ந்த எண்தான். ஆனால் அந்த அளவு நுண்ணறிவு உள்ளோர் உலகில் பல கோடிப் பேர், காஸ்பரோவ் ஒருவரே.

சதுரங்கம் கற்றால் பொது அறிவுத்திறன் வளரும், கணக்கு வரும் என்று பயிற்சி வகுப்புகள் விளம்பரம் செய்கின்றன. கல்வி உளவியலில் ‘பயிற்சி மாற்றம்’ எனப்படும் இதை இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளில் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. முப்பது மணி நேரம் சதுரங்கம் கற்ற பிள்ளைகள், ஓராண்டுக்குப் பின் கணக்குத் தேர்வில் மற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை. மாஸ்டரின் சேமிப்பு பலகைக்கே உரியது என்று பார்த்தோமே, அதன்படி இதில் வியப்பில்லை. சதுரங்கத்தைச் சதுரங்கத்துக்காகவே கற்றுக்கொடுக்கலாம். அது போதுமான காரணம்.

இத்துறையின் பெருங்குறை, நிலைத்து நின்றவர்களை மட்டுமே பெரும்பாலான ஆய்வுகள் அளந்திருப்பது. இடையில் நின்றுபோன பிள்ளை எதனால் நின்றது, அறிவு போதாமலா, பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாமலா, ஆர்வம் குன்றியா என்று நமக்குத் தெரிவதில்லை. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோனையும் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்தையும் தந்த தமிழ்நாட்டில், சதுரங்கம் கற்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நம் பல்கலைக்கழக உளவியல் துறைகள் இந்தக் குறையைத் தீர்க்கும் பணியை எடுத்துச் செய்ய வேண்டும். பிள்ளை முதல் காயைத் தொடுமுன் ஒரு முறை அளந்து, பயிற்சி நேரத்தை ஆண்டுதோறும் குறித்து, ஆட்டத்தை விட்டுப்போன பிள்ளைகளின் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்காமல் பின்தொடர வேண்டும்.