கோட்டையும் சுரங்கப்பாதையும்

ஒரு காலத்தில் கம்பெனி நெட்வொர்க் என்பது கோட்டை மாதிரி. தலைமை அலுவலகத்தைச் சுற்றி ஃபயர்வால் என்ற மதில். உள்ளே இருப்பவர் நம்பத் தகுந்தவர், வெளியே இருப்பவர் அந்நியர். கிளை அலுவலகங்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் பெருகியபோது, மதிலுக்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டினார்கள். அதுதான் விபிஎன்.

சிக்கல் எங்கே? சுரங்கத்தின் சாவி கிடைத்தவன் பெரும்பாலும் கோட்டை முழுக்கச் சுற்றி வரலாம்.

தன் மீது நடந்த ஒரு பெரிய ஊடுருவலை 2010 ஜனவரியில் கூகுள் வெளியே சொன்னது. பிறகு மதிலை நம்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஆளையும் அவர் கருவியையும் சோதிக்கும் முறைக்கு மாறி, 2014ல் அதைக் கட்டுரையாக எழுதியது. இத்தகைய சோதனைச் சாவடியைக் கிளவுட் வழியாகவே தரும் ஏற்பாட்டுக்கு 2019ல் கார்ட்னர் நிறுவனம் 'சாஸி' என்று பெயர் வைத்தது. மறு ஆண்டே கொரோனா வந்து உலகத்தையே வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தது.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றது. திருடர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. காவல் ஒரே ஒரு பாஸ்வேர்டு! கப்பம் சுமார் 44 லட்சம் டாலர்.

ஆகவே கிளவுட் சேவையை எடைபோடும் நிர்வாகம் விலைப்பட்டியலுக்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். ஒரு பாஸ்வேர்டு திருடு போனால் திருடன் எவ்வளவு தூரம் போவான்? வேலையை விட்டவரின் கணக்கு அன்றே மூடப்படுமா? அந்தச் சேவையே படுத்துவிட்டால் கிளை அலுவலகம் என்ன செய்யும்?

பதில் இல்லையென்றால், வாங்கியது இன்னொரு மதில்தான்.